எல்லாவற்றுக்கும் ஒரே பேனா கிடைக்குமா?

கேள்வி இதுதான். வீட்டில் ஒரு டம்ளர் நிறையப் பேனா கிடக்கிறது, அவசரத்துக்கு எடுத்தால் ஒன்றுகூட எழுதவில்லை. செக் எழுத, பையனின் பள்ளிப் படிவம் நிரப்ப, அவன் தேர்வுக்கு, சமையலறை டப்பாவில் பெயர் எழுத என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து நல்ல பேனாவாக ஒன்று சொல்லுங்கள், அப்படியே மூடியின் நுனியில் ஓட்டை எதற்கு என்றும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குக் கம்பெனி பெயர் சொன்னால் பதிலாகாது. எடுத்தவுடன் எழுத வேண்டும், எழுதியது எழுதிய இடத்தில் நிற்க வேண்டும்: நீங்கள் கேட்டிருப்பது இந்த இரண்டையும்தான் என்று எடுத்துக்கொள்கிறேன். எல்லாப் பரப்பிலும் இந்த இரண்டையும் செய்யும் ஒரே பேனா கிடையாது. ஆனால் மூன்று இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். ஏன் மூன்று என்பதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்லப் போகிறேன்.

நான் மன்னார்குடிப் பக்கம், சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும் தெருவில் 26 வருஷமாக எழுதுபொருள் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் கடையின் ஒரு மூலையில் இங்க் பேனாவுக்கு நிப் மாற்றும் மேசை இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் தொழில் கற்றேன். கல்லூரியில் வேதியியல் படித்தது மை டப்பாவில் எழுதியிருப்பதைப் புரிந்துகொள்ள உதவுகிறது, அவ்வளவுதான். சொல்வதில் மையின் இயல்பு பற்றியது பாடம். எது எத்தனை நாள் தாங்கும் என்பது கடையில் பார்த்தது, சோதனைக்கூடத்தில் அளந்ததல்ல. கேலிகிராஃபி, ஆயிரக்கணக்கில் விலையுள்ள பரிசுப் பேனா பக்கம் நான் போனதில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் பால்பாயிண்ட். ஹங்கேரியில் பத்திரிகையாளராக இருந்த லாஸ்லோ பிரோ, வேதியியல் தெரிந்த தன் சகோதரரோடு சேர்ந்து உருவாக்கி, 1938-இல் காப்புரிமை வாங்கியது. அதற்கு முன்பே, 1888-இல், அமெரிக்காவில் ஜான் லவுட் என்பவர் தோலில் குறி போட ஒரு உருண்டை முனைப் பேனா செய்திருந்தார். தாளில் எழுத அது சரிப்படவில்லை. காரணம் மைதான். இங்க் பேனா மை தண்ணீர் மாதிரி ஓடும், உருண்டையைச் சுற்றிக் கசியும். பால்பாயிண்டில் இருப்பது பசை போலக் கெட்டியான எண்ணெய்ப்பசை மை. முனையில் டங்ஸ்டன் கார்பைடில் செய்த ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குண்டு. தாளில் உருளும்போது உள்ளிருந்து மையை எடுத்து வெளியே தடவுகிறது. தண்ணீர் இல்லாததால் மட்டமான தாளிலும் மை ஊறிப் பரவாது, பின்பக்கம் தெரியாது. ரீஃபிலும் சீக்கிரம் காலியாகாது. ஒரு ரீஃபில் தீர்வதற்குள் அதே விலைக்கு வாங்கிய ஜெல் ரீஃபில் இரண்டு மூன்று தீர்ந்துவிடும்.

அதே கெட்டித்தன்மைதான் அதன் குறையும். அழுத்தி எழுத வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வில் கட்டைவிரல் அடியில் வலிக்கத் தொடங்கும். நான்கு வரி எழுதியதும் முனை ஓரத்தில் சேர்ந்த மை திட்டாக விழும், இதைத்தான் பேனா கக்குகிறது என்கிறோம். முனையைத் துணியில் ஒரு முறை துடைத்துவிட்டால் அடுத்த பக்கம் சுத்தமாக வரும். ஆனால் பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுத இதை விட்டால் ஆள் இல்லை. அடிப் பிரதியில் விழுவது மையல்ல, உங்கள் கையின் அழுத்தம். ஜெல் பேனாவில் பில் போட்டு, மூன்றாம் தாளைப் புரட்டினால் வெறும் தாளாக இருந்ததை எத்தனையோ வியாபாரிகள் வந்து காட்டியிருக்கிறார்கள்.

உங்கள் டம்ளரில் கிடக்கும் பேனாக்கள் எழுதாததற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். நிமிர்த்தி வைத்ததில் மை முனையை விட்டு இறங்கி நடுவே காற்று புகுந்திருக்கும். அல்லது குண்டைச் சுற்றி மை காய்ந்து இறுகியிருக்கும். காய்ந்ததென்றால் வழவழப்பான தாளில் கிறுக்கிப் பயனில்லை, குண்டு சுழலாமல் வழுக்கும். அழிரப்பரிலோ ரப்பர் செருப்பின் அடியிலோ நாலு வட்டம் போடுங்கள், குண்டைப் பிடித்து உருட்டிவிடும். முனையைத் தீக்குச்சியில் காட்டும் பழக்கம் வேண்டாம். முனையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் குழாய் இளகிவிடும், அத்தோடு அந்த ரீஃபில் முடிந்தது. இனிமேல் டம்ளரில் முனை கீழே இருக்கும்படி போடுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

அடுத்து ஜெல். ஜப்பானின் சகுரா நிறுவனம் 1984-இல் கொண்டுவந்தது. இங்க் பேனா மை மாதிரி இதன் மையும் தண்ணீர் கலந்ததுதான், ஆனால் ரீஃபிலுக்குள் இறுகி நிற்கும். உறைந்த தயிரைக் கரண்டியால் கலக்கினால் நீர்த்துவிடுகிறதே, அந்த மாதிரி குண்டு சுழலும் இடத்தில் மட்டும் மை இளகி இறங்கும். தயிர் திரும்ப உறையாது, இந்த மை தாளில் விழுந்ததும் இறுகிக்கொள்ளும். அதனால்தான் அழுத்தாமலே கருகருவென்று எழுதுகிறது. விலையாகக் கொடுப்பது காயும் நேரம். இடது கைக்காரர்கள் ஜெல்லில் எழுதினால் சுண்டுவிரல் ஓரம் முழுக்க நீலமாக இருக்கும். ஜெல் ரீஃபில் ஒரு முறை முனை மோதிக் கீழே விழுந்தால் அநேகமாக அதோடு சரி. குண்டின் இருக்கை நசுங்கி, ஒரு பக்கம் எழுதும், மறுபக்கம் கீறும்.

இரண்டுக்கும் நடுவே இப்போது எண்ணெய் மையையே நீர்க்கச் செய்த பால்பாயிண்டுகள் வருகின்றன. யூனிபால் பிராண்டின் ஜெட்ஸ்ட்ரீம் ஜப்பானில் 2006-இல் வந்த பிறகு, நம் ஊர் நிறுவனங்களும் பத்து ரூபாய் விலையில் அந்த வழியில் செய்கின்றன. கை வலிக்காது, ஈஷிக்கொள்ளவும் செய்யாது. அன்றாட எழுத்துக்கு என்னிடம் ஒன்றுதான் கேட்டால் இந்த வகையில் 0.7 மில்லிமீட்டர் முனையைத்தான் எடுத்துக் கொடுப்பேன். உங்கள் மூன்றில் இது முதலாவது.

இரண்டாவது எதற்கு என்பதற்கு ஒரு சம்பவம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த வாரம், கடையின் தகரக் கூரை பாதி பறந்துவிட்டது. மின்சாரம் இல்லை. அந்த நாட்களில் பலர் நனைந்த நோட்டுகளையும் ரசீதுகளையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஏதாவது செய்து எழுத்தை எடுக்க முடியுமா என்று. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் நெல் வரவு செலவு எழுதிய நீள நோட்டைக் கொண்டுவந்தார். இங்க் பேனாவில் எழுதிய பக்கங்களில் வெளிர்நீலக் கறை மட்டும் இருந்தது, ஆகாயத்தை வரைந்த மாதிரி. பால்பாயிண்டில் எழுதியவை வரி பிசகாமல் நின்றன. ஜெல்லில் எழுதியதில்தான் வேடிக்கை. கறுப்பு ஜெல் அப்படியே இருந்தது. அதே பக்கத்தில் தலைப்புக்குப் பயன்படுத்தியிருந்த ஊதா ஜெல் காணாமல் போயிருந்தது. "மாப்ள, கூட்டல் இருக்கு, எதைக் கூட்டினேன்னு இல்லியே" என்றார்.

விளக்கம் எளிது. மையில் நிறம் இரண்டு விதமாக இருக்கும். ஒன்று சாயம், கரைந்திருப்பது. மற்றது நிறமித் துகள், கரையாமல் மிதப்பது. துகள் தாளின் நாருக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும், தண்ணீரால் எடுக்க முடியாது, வெயிலிலும் எளிதில் வெளுக்காது. கறுப்பு ஜெல் பலவற்றில் இருப்பது கரித்துகள். வண்ண ஜெல்லில் சில துகள், சில சாயம். பால்பாயிண்ட் மை தண்ணீருக்கு அசையாது, ஆனால் சாராயத்துக்கும் அசிட்டோனுக்கும் கரையும். கொரோனா காலத்தில் கையில் சானிடைசர் ஈரத்தோடு வருகைப் பதிவேட்டில் கை வைத்து எல்லாருடைய கையெழுத்தையும் இழுவியவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். பால்பாயிண்டில் எழுதிய செக்கில் தொகையைக் கரைத்து மாற்றும் மோசடி நடப்பதும் இந்த வழியில்தான்.

ஆகவே செக், ஒப்பந்தம், கையெழுத்து இவற்றுக்கு நிறமி மை கொண்ட ஜெல் பேனா ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உறையில் பிக்மென்ட் என்றோ, தண்ணீர்ப் புகாது, வெளுக்காது என்றோ போட்டிருக்கும். எல்லா உறையும் உண்மை பேசாது என்பதால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு தாளில் இரண்டு வரி எழுதி ஒரு நாள் காயவிடுங்கள். ஒரு சொல்லின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர், இன்னொன்றின் மேல் ஒரு சொட்டு சானிடைசர். ஐந்து நிமிடம் கழித்து டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். தாளைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, மற்ற பாதியைப் புத்தகத்துக்குள் வைத்து ஒரு மாதம் கழித்துச் சேர்த்துப் பாருங்கள். மூன்றிலும் தேறிய பேனாவை நம்பலாம்.

செக்கில் கறுப்பு மையால் எழுத ரிசர்வ் வங்கி தடை போட்டுவிட்டது என்று 2025 ஜனவரியில் வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றியது. அது பொய் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமான பிஐபியின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே அறிவித்தது. நீலமோ கறுப்போ அடர்த்தியாக இருந்தால் சரி. செக் இப்போது ஸ்கேன் செய்த படமாகத்தான் வங்கியிலிருந்து வங்கிக்குப் போகிறது, படத்தில் எழுத்து தெளிவாக விழ வேண்டும். பச்சை மை அதிகாரிகளுக்கு என்பது நம் அலுவலக வழக்கம். அதை அவர்களுக்கே விட்டுவிடலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளைகள் விரும்பி வாங்கும் அழிக்கக்கூடிய ஜெல் பேனா இருக்கிறதே, பைலட் நிறுவனம் 2006-இல் ஃபிரிக்‌ஷன் என்று தொடங்கிவைத்த வகை, அது தாளைச் சுரண்டி அழிப்பதில்லை. பின்னால் இருக்கும் ரப்பரால் தேய்க்கும்போது உண்டாகும் சூட்டில், ஏறக்குறைய 60 டிகிரியில், மை நிறமிழந்துவிடுகிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்கு அடியில் அந்தச் சூடு தானாகவே வரும். ஒரு பெற்றோர் சேர்க்கைப் படிவத்தை அதில் நிரப்பி, காரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய், வெற்றுப் படிவத்தோடு என் கடைக்கு வந்தார். ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள் என்றேன். உறைநிலைக்கு நன்றாகக் கீழே போனால் எழுத்து திரும்ப வரும். மறுநாள் வந்தது, மங்கலாக. வீட்டுப்பாடத்துக்கு அருமையான பேனா. செக்குக்கும் படிவத்துக்கும் கிட்டவே கொண்டுபோகாதீர்கள்.

பையனின் தேர்வு விஷயத்தில் என் கருத்துக்கு இடமில்லை, ஹால் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். டிஎன்பிஎஸ்சி விடைத்தாளில் வட்டம் கறுக்க கறுப்பு பால்பாயிண்ட் என்று சொல்லிவிடுகிறார்கள், நீட் தேர்வில் பேனாவையே அறையில் கொடுத்துவிடுகிறார்கள். ஈர மை அடுத்த வட்டத்தில் ஒட்டினாலோ பின்பக்கம் ஊறினாலோ இயந்திரம் அதையும் ஒரு விடையாக எடுத்துக்கொள்ளக்கூடும். எழுத்துத் தேர்வுக்கு, ஏற்கெனவே பத்துப் பக்கமாவது எழுதிப் பழகிய பேனா இரண்டு. தேர்வன்று காலையில் கடைக்கு ஓடிவந்து புதுப் பேனா கேட்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கும்.

முனை அளவு பற்றி யாரும் கேட்பதில்லை, தமிழ் எழுதுகிறவர்கள் கேட்க வேண்டும். நம் எழுத்தில் சுழி அதிகம். 1.0 முனையில் சின்னதாக ஒரு 'ணு' எழுதிப் பாருங்கள், சுழிகள் அடைத்துக்கொண்டு மூன்றா இரண்டா என்று தெரியாது. 0.5 ஜெல்லோ 0.7 பால்பாயிண்டோ போட்டால் 'ஞ'வின் உள்வளைவுகூடத் திறந்திருக்கும். கடையில் பேனா வாங்குகிறவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கிறுக்குத் தாளில் முதலில் போடுவது பிள்ளையார் சுழி. பக்தியில்தான் போடுகிறார்கள், ஆனால் அதைவிட நல்ல சோதனை கிடையாது. சுழித்து, வளைந்து, கடைசியில் நேராக இழுக்கும் கோடு; சுழியில் விட்டுவிட்டு எழுதும் பேனா அங்கேயே மாட்டிக்கொள்ளும். கண்ணாடிக் கவுண்டர் மேல் ஒற்றைத் தாளை வைத்துப் பார்க்காதீர்கள், அடியில் ஒரு நோட்டு இருக்கட்டும்.

இங்க் பேனாவைப் பற்றி நான் நடுநிலையாகப் பேச முடியாது, அது என் அப்பாவின் சோறு. அழுத்தமே வேண்டாம், கையெழுத்து திருந்தும் என்று ஆசிரியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேனாவை ஒரே கோணத்தில் பிடிக்காவிட்டால் நிப் எழுதாது, எனவே பிடி தானாகச் சீராகிறது. ஆனால் இன்றைய மலிவு நோட்டின் தாளில் மை பிசிர் பிசிராகப் பரவும். சட்டைப் பையில் ஒழுகுவதற்கும் ஒரு காரணம் உண்டு. குழாயில் மை குறைந்து காற்று கூடும்போது, உடம்புச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து, நிப்புக்கு அடியில் இருக்கும் கட்டை வழியே மையைத் தள்ளுகிறது. அதனால் கால்வாசிக்கு இறங்கும் முன்பே நிரப்பிவிடுங்கள். பையில் நிப் மேல் நோக்கி இருக்கட்டும். வாரம் ஒரு நாளாவது எழுத மாட்டீர்கள் என்றால் வாங்க வேண்டாம், காய்ந்துவிடும்.

மூன்றாவது, மார்க்கர். பெர்மனென்ட் என்ற சொல்லை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். அதில் இருப்பது சாராய வகைக் கரைப்பானில் கரைத்த சாயமும் ஒட்டுப் பிசினும். அட்டை, துணி, மரம் போன்ற மை ஊறும் பரப்பில் நன்றாகப் பிடிக்கும். கண்ணாடி, வழவழப்பான பிளாஸ்டிக், ஸ்டீல் இவற்றின் மேல் ஒரு படலமாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவே. எண்ணெய்க் கை பட்டுப் பட்டுத் தேய்ந்துவிடும். மிளகாய்த்தூள் டப்பாவுக்கு நேரே எழுதாமல், ஒரு துண்டு காகித டேப் ஒட்டி அதன்மேல் எழுதினால் பல மாதம் இருக்கும், பொருள் மாறினால் பிய்த்துப் போடலாம். ஃப்ரிட்ஜில் வைக்கும் டப்பா என்றால் உள்ளே வைக்கும் முன் காய்ந்திருக்கும்போதே எழுதிவிடுங்கள், வியர்த்த பரப்பில் ஒட்டாது. வெயிலில் நிற்கும் தண்ணீர்த் தொட்டியிலும் பூந்தொட்டியிலும் சாய மார்க்கர் ஒரு கோடையைத் தாண்டுவது கஷ்டம். அங்கே பெயின்ட் மார்க்கர் வேண்டும், அதைக் காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள். செடிப் பெயர்ப் பட்டைக்கு, பட்டை கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால், சாதாரண பென்சிலே போதும். கிராஃபைட் வெயிலுக்கு வெளுக்காது.

ஸ்டீல் பாத்திரத்துக்கு எந்த மார்க்கரும் தேறாது. அதற்குப் பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருகிறார்களே, அதுதான். துணிக்கு அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றைச் சுண்ணாம்போடு சேர்த்துக் குறி போடுவார்கள். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாது. அதை வீட்டில் முயற்சிக்காதீர்கள், தோலில் பட்டால் கொப்புளித்துவிடும்.

ஒயிட்போர்டு மார்க்கர் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் வேறு சாதி. மை பலகையில் ஒட்டாமல் பிரிந்து வர ஒரு வழுக்குப் பொருள் சேர்த்திருப்பார்கள். ஒரு நாள் மதியம் ஒரு பள்ளி ஆசிரியை மூச்சு வாங்க வந்தார். "அண்ணே, பெர்மனென்டை எடுத்துப் போர்டு முழுக்க எழுதிட்டேன், மூணு மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன்." புது போர்டு மார்க்கர் ஒன்று கொடுத்து, "டீச்சர், எழுதுன எழுத்து மேலேயே இதால எழுதி, ஈரமா இருக்கும்போதே துடைங்க" என்று அனுப்பினேன். போர்டு மார்க்கரின் கரைப்பான் அடியில் காய்ந்திருக்கும் மையையும் இளக்கித் தன்னோடு கொண்டுவந்துவிடும். மறுநாள் வந்து இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டு போனார். மார்க்கர்களைப் படுக்கவைத்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் மை அடிப்பக்கம் இறங்கி முனை வறண்டுவிடும்.

ஹைலைட்டரை ஜெல் எழுத்தின் மேல் உடனே இழுத்தால் பக்கமே நாறிவிடும். பால்பாயிண்ட் மேல் அவ்வளவு இழுக்காது. ஏடிஎம் சீட்டு, கடை பில் போன்ற சூட்டில் அச்சாகும் தாளில் அடிக்கோடிட்டால் எழுத்தே மங்கிப்போகலாம். வாரன்டி பில்லாக இருந்தால் முதலில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக மூடி ஓட்டை. பேனா உலராமல் காற்று போக என்று பலர் சொல்வார்கள், அப்படியல்ல. குழந்தைகள் மூடியைக் கடித்துக்கொண்டே இருந்து விழுங்கித் தொண்டையில் அடைத்துக்கொண்டால், அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சமாவது மூச்சு போகட்டும் என்பதற்காக வைத்தது. பிக் நிறுவனம் 1991-இல் தன் மூடிகளில் இதைக் கொண்டுவந்தது. மூடிகளின் பாதுகாப்புக்கென்று ஐஎஸ்ஓ 11540 என்ற சர்வதேசத் தரவிதியும் இருக்கிறது. பேனா உடம்பின் நடுவே இருக்கும் சிறு துளை வேறு. மை குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே போய் அழுத்தம் சமமாக இருக்க அது. இந்த மூடி ஓட்டையாக இருக்கிறது, வேறு நல்லதாகக் கொடுங்கள் என்று என்னிடம் மாதம் ஒருவராவது திருப்பிக் கொடுத்து மாற்றிக் கேட்பார்கள்.